ராமாத்தாள் கேட்ட பெர்சிமன்

பார்த்து, தம்பி, அந்தத் தூக்குப்போசியை மட்டும் மிதித்துவிடாதீர்கள். பையை மிதியுங்கள், என் காலை மிதியுங்கள், ஒன்றும் சொல்ல மாட்டேன். போசிக்குள் ஒரு பழம் இருக்கிறது. இந்த டிரைவர் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸைச் சாய்க்கிறபோது எனக்கு உயிர் போய்விட்டுத் திரும்பி வருகிறது. சரி, மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் தாராளமாகக் காலை நீட்டுங்கள். கோயம்புத்தூர் வரைக்குமா? நல்லதாகப் போயிற்று. நானும் அங்கேதான். ஆஸ்பத்திரிக்கு.

தக்காளி இல்லை, தம்பி. எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். தக்காளியை யாராவது அரிசிக்குள் பொதித்துக் கொண்டு போவார்களா? இது பெர்சிமன். கீழ்நாட்டில் வராது, குளிர் வேண்டும். கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மரம் நிற்கிறது. குன்னூரிலிருந்து கன்றாக வாங்கி வந்து நான் நட்டது. பனி விழ ஆரம்பித்தால் இலையெல்லாம் சிவந்து கொட்டிவிடும், பழம் மட்டும் தொங்கும். கல்யாண வீட்டில் பந்தலைப் பிரித்துவிட்டு சீரியல் பல்பை மட்டும் மறந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

பார்க்கத்தான் அழகு. பழுக்கிறதுக்கு முன்னால் வாயில் வைத்தீர்களோ, போச்சு. நாக்குக்குக் கம்பளி போர்த்திவிட்ட மாதிரி ஆகிவிடும். ஒரு தரம் ஒரு காட்டெருமை வேலியை மிதித்துக்கொண்டு வந்து காயைத் தின்றுவிட்டது. வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது, தம்பி. திறக்க முடியவில்லை. நேராக எங்கள் வாசலுக்கு வந்து கண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறது. நான்தான் வெந்நீர் காய்ச்சி, உதட்டோரமாக ஒத்தடம் கொடுத்து, பையப் பைய வாயைப் பிரித்துவிட்டேன். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் என்னைப் பார்த்து ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டுத்தான் போகும். சிரிக்காதீர்கள். ஊரில் எனக்குக் கரடி சென்னியப்பன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். கரடி விடுகிறேனாம். பார்த்ததைச் சொன்னால் கரடியா?

நான் பொய் சொல்கிறவன் இல்லை, தம்பி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உண்மை என்னவென்று தெரிந்துகொண்டு அதை மாற்றிச் சொன்னால் அது பொய். தெரியாத விஷயத்தைக் கொஞ்சம் நன்றாக இருக்கட்டும் என்று சொன்னால் அது பேச்சு. நான் பேசுகிறவன். அவ்வளவுதான்.

சீசனில் வீட்டு முன்னால் ரோட்டோரமாக ஒரு ஸ்டூல் போட்டு, கூடையில் பழத்தை வைத்து விற்பேன். கார்கள் வரும். மெட்ராஸ், பெங்களூர். இறங்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், தக்காளி என்ன விலை என்பார்கள். பெர்சிமன் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறிப் போய்விடுவார்கள். குளிரில் குல்லாயும் மப்ளருமாக உட்கார்ந்திருக்கிறவன் என்னதான் பண்ணுவான்? யோசனை பண்ணி ஒரு முறை கண்டுபிடித்தேன். முதலில் காயில் ஒரு சின்னத் துண்டு அறுத்துக் கொடுப்பேன். "சும்மா நாக்குல வையுங்க." வைப்பார்கள். முகம் அப்படியே உள்ளே போய்விடும். அப்போது சொல்வேன்: "பாத்தீங்களா? நாக்குல இருந்த தண்ணியைப் பூரா உறிஞ்சிருச்சு பாருங்க. காய்க்கே அந்தச் சக்தி. பழுத்துட்டா அந்தச் சக்தி உள்ள போயி ரத்தத்துல இருக்கற சர்க்கரையை உறிஞ்சிரும். சர்க்கரை வியாதிக்கு இதுக்கு மேல மருந்தே இல்லீங்க."

எப்படி இருக்கிறது? நாக்கு சாட்சி சொல்கிறதே, அப்புறம் யார் இல்லை என்பார்கள்? கூடை காலியாகும்.

பழம் சர்க்கரைப் பாகு மாதிரி இருக்கும், தம்பி. ஸ்பூன் போட்டுத்தான் தின்ன வேண்டும். அதைத் தின்றால் சர்க்கரை இறங்குமா, ஏறுமா? சின்னக் குழந்தைக்குத் தெரியாதா? நான் என்ன, வாங்குகிறவர்களுக்கு விவரம் இருக்கும் என்று நினைத்தேன்.

இப்போது என் சம்சாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராமாத்தாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறது அவள்தான். அவளுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. நான் அவளைக் காப்பாற்றின மாதிரி எந்தப் புருஷனும் காப்பாற்றியிருக்க மாட்டான். வீட்டில் சர்க்கரை டின்னைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். எனக்கு மட்டும் காப்பிக்கு வேண்டும் என்கிறபோது நானே ஏறி எடுத்துக்கொள்வேன், அவளுக்குச் சிரமம் கொடுக்க மாட்டேன். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் அவள் பக்கத்திலேயே உட்காருவேன். இலையில் ஜாங்கிரி விழும். அவள் கை போகிறதுக்கு முன்னால் நான் எடுத்துவிடுவேன். வீணாகக் கூடாதே என்று நானே தின்றுவிடுவேன். என் மச்சினன் நாச்சிமுத்து மகள் கல்யாணத்தில் பந்தியே பார்த்துச் சிரித்தது. "அக்காளுக்கு இப்படியொரு காவல்காரர் கிடைச்சிருக்காருங்க" என்று அவனே சொன்னான். ராமாத்தாளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பழத்தைப் பழுக்க வைக்கிறது அவள் வேலை. காயைப் பறித்து நான் கொடுத்துவிடுவேன். அரிசி டின்னுக்குள் புதைத்து, நடுவில் ரெண்டு வாழைப்பழம் வைப்பாள். தினமும் காலையில் ஒவ்வொன்றையும் எடுத்துக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பாள். பழுத்ததை வெளியே வைத்துவிட்டு அந்த விரலை மோந்து பார்ப்பாள். அப்புறம் கழுவிக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் ஒரு பழத்தை அவள் வாயில் வைத்ததில்லை. என் கண்டிப்பு அப்படி.

போன சீசனில் மெட்ராஸிலிருந்து ஒரு ஜோடி வந்தது. அந்தப் பையன் செல்போனை நீட்டிக்கொண்டே நின்றான். "தாத்தா, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றான். அதற்கென்ன, சொன்னேன். நடுவில் தொண்டை கட்டிக்கொண்டது. "ராமாத்தா, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு மிச்சத்தையும் சொன்னேன். நன்றாகவே வந்தது. அவன் வாங்கினது ரெண்டே பழம், கஞ்சன்.

அப்புறம் ஒரு நாள் நாச்சிமுத்து காரமடையிலிருந்து வந்தான். வந்தவன் நேராக அடுப்படிக்குப் போய், "அக்கா, இதைப் பாரு, நம்ம மரத்தைப் பத்தி ஒரு பெரிய டாக்டர் பேசறாரு" என்று செல்லை நீட்டினான். நானும் எட்டிப் பார்த்தேன். படத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு ஆள், கழுத்தில் குழாய், அசையாமல் நிற்கிறார். குரல் என்னுடையது. எந்தப் புண்ணியவானோ என் முகத்தை எடுத்துவிட்டு டாக்டர் போட்டோவை ஒட்டியிருக்கிறான்!

"அடியே, இது நான்!" என்றேன்.

ராமாத்தாள் செல்லைக் காதோடு வைத்துக் கேட்டாள். "எவ்வளவு அருமையாப் பேசறாருங்க இந்த டாக்டரு."

"என் குரல்டி அது. நாற்பது வருஷமாக் கேக்கற குரல்!"

"உங்க குரல் இப்படியாங்க இருக்கும்? இவர் பேச்சுல ஒரு உண்மை இருக்குது."

"இரு, இரு, இப்பத் தண்ணி கேப்பான் பாரு. கேளு... கேட்டியா? ராமாத்தான்னு உன் பேரைச் சொல்லிக் கூப்புடறானா இல்லையா?"

"ஏனுங்க, டாக்டர் சம்சாரத்துக்கு அந்தப் பேர் இருக்கக் கூடாதுங்களா?"

என்ன சொல்வீர்கள், தம்பி? நாற்பது வருஷத்தில் நான் சொன்ன ஒன்றைக்கூட நம்பாதவள். காட்டெருமைக்கு ஒத்தடம் கொடுத்ததை நம்பவில்லை. பக்கத்தில் நின்றிருந்தும் நம்பவில்லை. கடைசியில் எவனோ ஒரு ஒட்டுப் படத்தை நம்பி ஏமாந்துபோகிறாள். அன்றைக்குச் சாயங்காலமே அரிசி டின்னைத் திறந்து, என் எதிரில், நடுக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, நல்ல பழமாக ஒன்றை எடுத்து ஸ்பூன்கூட இல்லாமல் தின்றாள். கை முட்டி வரைக்கும் சாறு ஓடுகிறது. நக்கிக்கொள்கிறாள்.

"அடியே, ஏறிரும்டி!"

"டாக்டர் இறங்கும்னு சொல்லியிருக்காருங்க."

அன்றிலிருந்து தினமும் ஒன்று. சில நாள் ரெண்டு. நான் சும்மா இருந்தேனா? மருந்து அடித்திருக்கிறேன், விஷம் என்றேன். கழுவித் தின்றாள். மரத்தில் முனி இருக்கிறது என்றேன். "இருக்கட்டும், அதுக்கும் சர்க்கரை இறங்கட்டும்" என்கிறாள். கூடையோடு வியாபாரிக்குப் போட்டுவிடலாம் என்று பார்த்தால் நல்ல பழத்தையெல்லாம் முன்கூட்டியே எடுத்து ஒளித்து வைத்துவிடுகிறாள். கடைசியில் ஒரு நாள் கோடாலியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டேன். அந்த மரம் கருங்காலிக்கு ஒறம்பரை, சொந்தக்கார ஜாதி, தம்பி, அவ்வளவு கெட்டி. நாலு போடு போட்டேன், கோடாலி வாய்தான் மடங்கிற்று. அதற்குள் ரோட்டில் கார்கள். செல்லில் பார்த்துவிட்டுப் பழம் வாங்க வந்த கூட்டம். நாச்சிமுத்துவும் அதில் நிற்கிறான்.

"மச்சான், கோடாலியைக் கீழ வையுங்க. ஊருக்கெல்லாம் விக்கறீங்க, எங்க அக்கா ஒண்ணு தின்னா மட்டும் உங்களுக்கு வயிறு எரியுதுங்களா?"

"மாப்பிள்ளை, அது நான் சொன்ன கதைடா. நானாச் சொன்னது!"

"ஊர்ல நல்லது எது நடந்தாலும் நான்தான் பண்ணேங்கறது உங்க வழக்கந்தானுங்களே. போன ஐப்பசியில மழையை நிறுத்துனதுகூட நீங்கதானுங்க."

கூட்டம் சிரித்தது. மழை விஷயம் வேறு, தம்பி. அதை அப்புறம் சொல்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்று கத்தினேன்: ஐயா, அம்மா, இந்தப் பழத்தைத் தின்றால் சர்க்கரை ஏறும், செத்துப்போவீர்கள், யாரும் வாங்காதீர்கள் என்றேன். ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொல்கிறாள், "பழம் கொஞ்சமாத்தான் இருக்குதாட்டம், அதான் இப்படிப் பேசறாரு." அன்றைக்கு மரமே காலியாயிற்று. என் வாயிலிருந்து வந்த முதல்... சரி, அதை விடுங்கள். குஞ்சப்பனை வந்துவிட்டதா? இன்னும் இறக்கம் இருக்கிறது.

இந்த சீசனும் வந்தது. ஆடி மாதம் புதுச் செருப்பு கடித்து அவளுக்குக் கால் விரலில் ஒரு கொப்புளம். நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் வைத்தாள். அது ஆறவில்லை. பழம் பழுக்கிற சமயத்தில் விரல் கறுத்துவிட்டது. கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. ரொம்பப் பொறுமையான பெண். சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் பண்ண முடியும் என்றது. ஊசி போடுகிறார்கள், போடுகிறார்கள், இறங்க மாட்டேன் என்கிறது. எப்படி இறங்கும்? நாச்சிமுத்து இட்லிப் பொட்டலத்துக்கு அடியில் பழம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தான். அக்கா கேட்டால் அவனுக்கு மறுக்கத் தெரியாது. பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கும் இவள் ஒரு பாதி கொடுத்திருக்கிறாள்.

டாக்டரம்மா கண்டுபிடித்துக் கோபமாகக் கேட்டது. ராமாத்தாள் சொல்கிறாள்: "கோவிச்சுக்காதீங்க, அம்மணி. நீங்க சின்னப் புள்ளை. பெரிய டாக்டரே செல்லுல சொல்லியிருக்காருங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

அப்புறம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நிரூபித்துவிடுவது. வார்டில் எல்லோரும் இருக்கிறபோது, அவள் கட்டிலுக்கு எதிரே நின்று, அந்தப் பேச்சை முதலிலிருந்து கடைசிவரை, அதே குரலில், அதே இடத்தில் தொண்டையைக் கட்டி, "ராமாத்தா, கொஞ்சம் தண்ணி கொண்டா" வரைக்கும் பேசிக் காட்டினேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. நர்ஸுகள்கூட வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். முடித்துவிட்டு, "இப்ப என்னடி சொல்ற?" என்றேன்.

வயிறு குலுங்கச் சிரித்தாள், தம்பி. கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி. "அப்படியே அந்த டாக்டரு மாதிரியே பேசறீங்க" என்றாள். பக்கத்து மேசையிலிருந்து டம்ளரை எடுத்து நீட்டி, "மூச்சு வாங்குது பாருங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க, டாக்டரே" என்கிறாள்.

அதிலிருந்து என்னை "டாக்டரே" என்றுதான் கூப்பிடுகிறாள். காய்ச்சல் வேகம் அப்படிப் பேச வைக்கிறது. மூளைக்கு ஏறிவிட்டதோ என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அவங்க தெளிவாத்தான் இருக்காங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது. படித்தவர்களுக்கும் சில விஷயம் பிடிபடுவதில்லை.

நேற்று மத்தியானம் டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டது. "இனியும் ஆபரேஷனைத் தள்ள முடியாதுங்க. அழுகல் மேல ஏறிட்டே வருது. கணுக்காலோட நிக்கும்னு நெனச்சேன். இப்ப முழங்காலுக்குக் கீழ எடுக்கற மாதிரி இருக்கு. அவங்க சம்மதிக்க மாட்டேங்கறாங்க. நீங்க பேசுங்க."

உள்ளே போனேன். துணைக்கு இருந்த நாச்சிமுத்து சம்சாரம் எழுந்து வெளியே போயிற்று. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். போர்வைக்கு வெளியே அந்தக் கால் நீட்டிக்கொண்டிருக்கிறது, துணி சுற்றி. அந்தக் காலோடுதான் அவள் மலை ஏறி வந்தாள். கல்யாணமான புதிதில் பஸ் பிரேக் டவுன் ஆகி, இதே ரோட்டில், பாத்திர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் முன்னால் நடந்துகொண்டே, இந்த வளைவில் புலி, அந்த வளைவில் பேய் என்று வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தேன். பயப்படவே இல்லை. கால் வலிக்கிறது என்றும் சொல்லவில்லை.

"டாக்டரம்மா என்ன சொல்லுச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"ஏனுங்க, டாக்டரே. போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் என்னென்னமோ சொல்லியிருக்கீங்க. அத்தனையும் ஊருக்குத்தான். எனக்குன்னு ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்."

"என்னத்தைடி சொல்ல?"

"என் காலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க."

வாயைத் திறந்தேன், தம்பி. வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே இருக்கிறது, காற்றுத்தான் வருகிறது. நான் யார்? கரடி சென்னியப்பன். ஒரு கூடை பழத்துக்காக எவனெவனுக்கோ என்னென்னவோ அளந்தவன். நாலே நாலு வார்த்தை. ஆனால் எப்படிச் சொல்வது? டாக்டரம்மா இப்போதுதான் சொல்லிவிட்டுப் போகிறது. தெரிந்துவிட்டதே. தெரிந்த பிறகு சொன்னால் அது பொய் ஆகிவிடும் இல்லையா?

அவள் காத்திருந்தாள். பார்த்தாள், பார்த்தாள், அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "சரி, போங்க. பழமாச்சும் கொண்டாங்க. நல்லாப் பழுத்ததாப் பாத்து ஒண்ணே ஒண்ணு. அதைத் தின்னுட்டு அவங்க சொல்ற இடத்துல வெட்டிக்கட்டும். நாச்சிமுத்துகிட்டச் சொல்லாதீங்க. நீங்க கொண்டாரணும்."

அதுதான் இந்தப் போசி. காலையில் மரத்தில் ஏறித் தேடினேன். டின்னிலும் தேடினேன். பழுத்தது இது ஒன்றுதான். கொடுத்தால் சர்க்கரை ஏறும். கொடுக்காவிட்டால் கத்தி வைக்கச் சம்மதிக்க மாட்டாள். டாக்டரம்மாவுக்கு போன் பண்ணிக் கேட்டேன். "ஒண்ணுதானே, குடுங்க ஐயா, ஊசி போட்டுப் பாத்துக்கறேன்" என்கிறது. காவல் காத்தது பூராவும் வீண். நானே என் கையால் ஊட்டப் போகிறேன்.

பாலம் தாண்டிவிட்டதா? அப்போது மேட்டுப்பாளையம்தான். இனிமேல் சமவெளி, ஓட்டிவிடுவான். நேரம் இல்லை.

தம்பி, ஒரு உதவி பண்ணுங்கள். கொஞ்சம் என் பக்கமாகத் திரும்பி உட்காருங்கள். ஜன்னலைப் பார்க்காதீர்கள், என் முகத்தைப் பாருங்கள். அங்கே போய் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் போசியைத் திறக்கலாம் என்று இருக்கிறேன். சொல்லிப் பார்க்கிறேன், வருகிறதா பாருங்கள்.

"உன் காலுக்கு ஒண்ணும் ஆகாது, ராமாத்தா."

எப்படி இருந்தது? நம்புகிற மாதிரி இருந்ததா? ஏன் தலையைக் குனிந்துகொண்டீர்கள்? குரல் ஆடினது பஸ் குலுக்கினதால்தான். இருங்கள், இருங்கள், இன்னொரு தரம் சொல்கிறேன். நிமிர்ந்து பாருங்கள், தம்பி.

"உன் காலுக்கு..."